நாலு ஃப்ரெட் மேலே

செருப்பில் பதிந்திருந்த கால் அவளுடையதாக இல்லை.

வேலைக்குக் கிளம்பி வாசலில் ஒரு காலை நுழைத்தவள், நுழைத்த வேகத்திலேயே வெளியே எடுத்துக் குனிந்து பார்த்தாள். வருடக்கணக்கில் போட்டுத் தேய்ந்த தோல் செருப்பு. அவளுடைய ஐந்து விரலும் அகலமான குதிகாலும் உள்பக்கம் கொஞ்சம் சாய்கிற அவள் நடையும் அதில் கறுப்பாக அச்சடித்தமாதிரி இருக்கும். இன்று அந்தப் பதிவு ஒரு சுற்று சின்னதாகியிருந்தது. விரல்கள் ஒன்றையொன்று ஒட்டி, குதிகால் ஒடுங்கி, வெளிப்பக்கம் சாய்ந்து. இதே கால் பக்கத்து ஜோடியில் பதிந்து கிடப்பதை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். தங்கையின் கால்.

“என் செருப்ப ஏண்டி போட்ட?”

உள்ளே மெல்லிய கண்ணாடியும் தலையில் ஹெட்செட்டுமாக உட்கார்ந்திருந்த தங்கை மைக்கை விரலால் மூடிக்கொண்டு, நான் வெளியில் போயே நாலு நாளாகிறது, யார் செருப்பையும் போடவில்லை என்றாள். பொய் சொல்கிற முகமில்லை. பொய்யே என்றாலும், ஒரு நாள் போட்டதற்கு இத்தனை வருடத்துப் பதிவு அழிந்து இன்னொரு கால் இவ்வளவு ஆழமாக இறங்குமா? நேரமாகிவிட்டது. அந்தச் செருப்பையே மாட்டிக்கொண்டு இறங்கினாள். படிக்கு ஒரு தடவை குதிகால் வெளியே வழுக்கியது.

அந்தக் குடியிருப்பில் இவர்களைத் தெரியாதவர் கிடையாது. பெற்றவர்கள் அளவுகோல் வைத்துப் பெற்றமாதிரி நாலு நாலு வருட இடைவெளியில் மூன்று பெண்கள். மூன்று பேரும் கல்யாணம் செய்துகொள்ளாததற்கு மாடிக்கொரு காரணம் வழங்கிவந்தது, மூன்றும் தப்பு. மூத்தவள் வீட்டிலேயே கிதார் சொல்லிக்கொடுத்தாள். சாயங்காலமானால் கட்டடம் முழுக்க யார் வீட்டுப் பிள்ளையோ ஒரே பாட்டை உதைத்துக்கொண்டிருக்கும். போன மழைக்காலத்தில் காய்ச்சல் நெஞ்சில் இறங்கி அவள் போய்விட்டாள். கடைக்குட்டி வீட்டிலிருந்தபடியே ஏதோ கம்பெனிக்கு வாடிக்கையாளர் புகார் கேட்கிறவள். யார் எவ்வளவு கத்தினாலும் “புரியுதுங்க, சரிபண்ணிடலாம்” என்று தேனாகப் பேசுவாள். நடுவிலவள், இந்தச் செருப்புக்காரி, கண்ணாடிக்கடையில் லென்ஸ் தேய்க்கிறாள். நாற்பதைத் தாண்டிய இவளைத்தான் கடைக்காரர் கட்டிக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். அவர் கேட்டது மதியம். அவள் சாயங்காலம் வீட்டுக்கு வருவதற்குள் கீழ்வீட்டு அக்காவுக்கு அது பழைய செய்தி.

திங்கட்கிழமை கல்யாணப் பதிவு. சாயங்காலம் நாலு பேரை வைத்துச் சின்ன விருந்து. அங்கேதான் சிக்கல். ஒருமுறை இவளைக் கொண்டுவந்து விட்டபோது, மேலேயிருந்து மூத்தவளின் கிதார் கேட்டு, உங்கள் வீட்டில் எல்லாருக்கும் வாசிக்கத் தெரியுமா என்று அவர் வியந்திருந்தார். இவளும் வெட்கமில்லாமல், “நானும் கொஞ்சம்” என்று சொல்லிவைத்தாள். அதுவரை கிதாரைத் தூசி தட்டத்தான் தொட்டிருந்தாள். மனிதர் அதை மறக்கவில்லை. விருந்தில் ஒன்று வாசிக்கவேண்டும் என்றார்.

தங்கையிடம் போய் நின்றாள். மூத்தவளிடம் முறையாகக் கற்றுக்கொண்டவள் தங்கைதான். கல்யாணப் பேச்சு எழுந்ததிலிருந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தவள், இதைக் கேட்டதும் மலர்ந்துபோனாள். பெரியக்கா கடைசியாக உருட்டிக்கொண்டிருந்த அந்த மெட்டையே வாசி, அதில் உனக்குக் கஷ்டமானது மூன்று சுரம் சேர்த்து மீட்டுகிற ஒரே ஒரு கார்டுதான், அதை நான் பிடித்துத்தருகிறேன் என்றாள். பூட்டிக்கிடந்து அந்துருண்டை வாடையடித்த மூத்தவளின் அறையைத் திறந்து கிதாரை அவளே எடுத்துவந்தாள். அறையை மறுபடி பூட்டி, சமையலறை ஆணியில் சாவியைத் திரும்ப மாட்டினாள்.

ஆக்மென்டட் கார்டு என்று அதற்குப் பெயர். முதலில் சாதாரண மேஜர் கார்டு ஒன்றை வாசித்துக்காட்டினாள் தங்கை. மூன்று சுரம். முதல் இரண்டுக்கு நடுவே நாலு ஃப்ரெட், அதாவது கிதார் கழுத்தில் நாலு கட்டம் தூரம், அடுத்த இரண்டுக்கு நடுவே மூன்று. தூரம் சமமில்லாததால்தான் எது தலைச்சுரம் என்று காது கண்டுபிடித்துவிடுகிறது. இதுதான் வீடு, இங்கேதான் வந்து உட்காரவேண்டும் என்று நிம்மதியடைகிறது. பிறகு மேல் சுரத்தை மட்டும் ஒரு ஃப்ரெட் ஏற்றி வாசித்தாள். இப்போது நாலு, நாலு. சுற்றிக்கொண்டு வந்தாலும் நாலு.

“மூணும் ஒரே தூரம், சின்னக்கா. யாரு தலைன்னு சொல்லவே முடியாது. இதுக்குன்னு சொந்த வீடு கிடையாது. நாம எங்க கொண்டுபோய் இறக்கறோமோ அதுதான் வீடு.”

அந்த ஒலி அவளுக்குப் பிடிக்கவில்லை. கெட்ட ஒலி என்று சொல்லவும் முடியவில்லை. இருட்டில் மாடிப்படி இறங்குகிறவன் கடைசிப் படி ஒன்று இன்னும் இருக்கிறது என்று நினைத்துக் காலை நீட்டி, அது அங்கே இல்லாமல், தரையும் இன்னும் வராமல், கால் அந்தரத்தில் நிற்கிற அந்த ஒரு நொடியை இழுத்து நீட்டினால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது. சுட்டுவிரல் முதல் கம்பியில் நாலாவது ஃப்ரெட், நடுவிரலும் மோதிரவிரலும் அடுத்த இரண்டு கம்பியில் ஐந்தாவது. விரல்நுனி எரிய எரிய அவள் அதையே மீட்டினாள். மீட்டி முடித்து கிதாரைச் சுவரில் சாய்த்த பிறகும் ஒலி அறையைவிட்டுப் போகவில்லை. ஜன்னல் கண்ணாடியில் கொஞ்சம், தண்ணீர்ப் பாத்திரத்தில் கொஞ்சம், நடையின் கோடியில் பூட்டிய கதவுக்கு அந்தப்பக்கம் கொஞ்சம் என்று ஒண்டிக்கொண்டு நின்றது.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. மூத்தவள் இந்தக் கார்டில் கிதாரைக் கீழே வைத்ததே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டாலும், வாசலில் ஆள் வந்து நின்றாலும், ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டி, இன்னொரு கார்டைப் போட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். பிள்ளைகள் பாதியில் நிறுத்தினால் அதட்டி அதை வாசிக்கவைத்து அனுப்புவாள். அந்த முடிவுக் கார்டு எது என்று தங்கையைக் கேட்டாள். அதெல்லாம் கடைசியில், முதலில் இது கைக்கு வரட்டும் என்றாள் தங்கை.

மறுநாள் காலையில்தான் செருப்பு.

அன்று சாயங்காலப் பாடத்தில் தங்கை அந்தக் கார்டின் விசேஷத்தைக் காட்டினாள். விரலை மாற்றவே வேண்டாம். அதே பிடியை அப்படியே நாலு ஃப்ரெட் மேலே தள்ளினால் அதே கார்டுதான் திரும்பவும் வரும். அதே மூன்று சுரம், ஆனால் ஆள் இடம் மாறியிருக்கும்.

“நடுவுல இருந்தது கீழ வந்துடும். கீழ இருந்தது மேல ஏறிடும். மேல இருந்தது நடுவுல வந்து உட்கார்ந்துக்கும். கேக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது.”

அவள் தள்ளினாள். கம்பிகள் விரலுக்கடியில் கீச்சிட்டன. உண்மைதான், அதே ஒலி. திரும்ப இறக்கினாள். ஏற்றினாள். ஏறும்போது அறையில் ஏதோ சற்று நகர்ந்து இடம் கொடுத்தமாதிரியும், இறங்கும்போது நகர்ந்தது எல்லாம் பழைய இடத்துக்கு வராமல் கொஞ்சம் அங்கேயே நின்றுவிட்டமாதிரியும் இருந்தது. புது ஆளுக்குக் காது அப்படித்தான் பழகும் என்றாள் தங்கை. அவள் விரல்கள் ஏறி இறங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் சின்னச் சின்னதாகவே நடந்தது, பெரிதாகச் சொல்லி யாரிடமும் முறையிட முடியாதபடி. துணி தேய்க்கிறவர் அவளுடைய துணியையெல்லாம் தங்கையின் மூட்டையில் வைத்துக் கட்டித்தந்தார். கடைக்காரர் வீட்டுக்குத் தொலைபேசினார், தங்கை எடுத்தாள், விருந்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று அரைமணி நேரம் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு, அவளைக் கூப்பிடாமலே வைத்தாள். கேட்டதற்கு, அவர் உன்னைக் கேட்கவே இல்லையே சின்னக்கா என்றாள். அவளுடைய தலையணையில் தங்கையின் தலை எண்ணெய் மணத்தது. அவளுடைய சொந்தத் தலையிலோ, எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும், அந்துருண்டை வாடை.

பிறகு கண்.

சனிக்கிழமை கடையில் லென்ஸ் விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது சக்கரம் இரண்டாகத் தெரிந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அப்புறமும் இரண்டு. கண்ணாடியை மீட்டரில் வைத்துப் பார்த்தாள். அவள் தேய்த்தது, அவளுக்குத் தெரியாதா, அதே பவர்தான். கெட்டது கண்ணாடி இல்லை. கடைக்காரர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, முகத்தில் இரும்புச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு வில்லையாகச் சொருகினார். தெரிகிறதா? இல்லை. இப்போது? இல்லை. வில்லை தடித்துக்கொண்டே போனது. ஒரு வாரத்தில் இவ்வளவு இறங்காதே என்று முதலில் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. கடைசி வில்லையைப் போட்டதும் எதிரிலிருந்த எழுத்துகள் கத்தியால் கீறினமாதிரி துல்லியமாயின. மைனஸ் ஆறு. இடதில் ஆறேகால். அந்த எண்களை அவள் முன்பே ஒரு லென்ஸில் தேய்த்திருக்கிறாள். வெளி ஆள் யாருக்கும் இல்லை.

அவர் குனிந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயோ பார்த்த முகம், எங்கே என்றுதான் தெரியவில்லை என்கிற பார்வை.

“இதுக்கு முன்னாடி நம்ம கடையில கண்ணாடி போட்டிருக்கீங்களா?”

வேடிக்கைக்குக் கேட்கிறார் என்று காத்திருந்தாள். அவர் பதிலுக்குக் காத்திருந்தார்.

மழையில் வீட்டுக்கு வந்தாள். தெரு முழுக்க விளக்குகள் கரைந்து வழிந்தன. கட்டடத்தின் படிகளைக் கைப்பிடி தடவித் தடவி ஏறினாள். ஆளைப் பிடித்து மூன்று கேள்வி கேட்காமல் மேலே விட்டதே இல்லாத கீழ்வீட்டு அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள்; வாயைத் திறந்தாள்; திறந்த வாயோடு பின்வாங்கிக் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது. பிற்பாடு கேட்டவர்களிடம், மழைச் சாரலுக்குச் சாத்தினேன் என்றுதான் சொன்னாள். அவளிடமிருந்து வந்த பதில்களில் அதுதான் ஆகச் சுருக்கமானது.

வாசலில் செருப்புத் தட்டு. குந்தி உட்கார்ந்து, முகத்தை அருகே கொண்டுபோய், தட்டில் கிடந்த ஜோடிகளை எடுத்துப் பார்த்தாள். தங்கையின் செருப்பு. அதில் பெருவிரலைவிட நீளமாக அடுத்த விரல். சுண்டுவிரல் இருக்கவேண்டிய இடம் வெறுமை. சுண்டுவிரல் மடங்கித் தரையையே தொடாத கால் அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் இருந்தது. அந்தக் காலை அவள் கடைசியாகப் பார்த்தபோது அது வெள்ளைத் துணியில் கட்டப்பட்டிருந்தது.

பதிவு உலர்ந்திருக்கவில்லை. விரலை வைத்தாள். ஈரம். வெதுவெதுப்பு.

தட்டின் அடியில், தூக்கிப்போட மனமில்லாமல் வைத்திருந்த மூத்தவளின் பழைய செருப்பு. எடுக்கவேண்டாம் என்று நினைத்தாள். எடுத்தாள். அகலமான குதிகால். உள்பக்கம் சாய்ந்த நடை. அவளுடைய சொந்த ஐந்து விரல்.

பிறந்த வரிசையில் மூத்தவளைக் கீழே வைத்து எண்ணினாள். நடுவிலிருந்தது கீழே. கீழிருந்தது மேலே. மேலிருந்தது நடுவில்.

உள்ளே போனாள். மேசை இழுப்பறையில் மூத்தவளின் கண்ணாடி கிடந்தது. தடித்த லென்ஸ். மாட்டினாள். வீடு சட்டென்று கூர்மையாக எழுந்து நின்றது. நடையின் மூன்று கதவுகள். சுவரில் விரிசல். தங்கை கூடத்தில் உட்கார்ந்திருந்தாள், மடியில் கிதாருடன், இவளுக்காகவே காத்திருந்தமாதிரி. பதிவுக்கென்று இவள் தைத்து வாங்கிய நீல உடையைப் போட்டிருந்தாள். அளவு கச்சிதமாக இருந்தது.

“எனக்கு என்னமோ ஆகுதுடி.”

“தெரியுது, சின்னக்கா. புரியுது. உட்காரு. சரிபண்ணிடலாம்.”

தேனான அந்தக் குரல். யார் யாரோ முகம் தெரியாதவர்களுக்கு நாள்முழுக்கக் கொடுக்கிற குரல். கேட்ட மாத்திரத்தில் அவளுக்கு அழுகை வந்தது. ஊரில் வேறு யாரிடம் போய் உட்காருவாள்? கூடப் பிறந்தவள். சின்ன வயதில் இவள் கையைப் பிடிக்காமல் தெருவைத் தாண்டாதவள். உட்கார்ந்தாள். கிதார் மடிக்கு வந்தது. அக்கா முடிப்பாளே, அந்த முடிவுக் கார்டைச் சொல்லிக்கொடு, இப்போதே சொல்லிக்கொடு என்று கெஞ்சினாள்.

“அது இங்கேருந்து வராது. நாலு ஃப்ரெட் மேலே போ. அங்கேருந்து நான் பாத்துக்கறேன்.”

விரல்களை வைத்தாள். மீட்டினாள். ஒலி அந்தரத்தில் நின்றது. மழை நின்றமாதிரி இருந்தது. தள்ளினாள். கம்பிகள் கீச்சிட்டன. நாலு ஃப்ரெட். மீட்டினாள்.

பூட்டிய கதவுக்கு அந்தப்பக்கம் கட்டில் ஒருமுறை முனகியது. படுத்திருந்தவர் எழுந்தால் வருமே, அந்த முனகல்.

கையை இறக்கப் பார்த்தாள். இறக்குவதற்குள் தங்கையின் கை வந்து கிதாரின் கழுத்தைப் பிடித்தது.

“போதும், சின்னக்கா. குடு.”

பிடுங்கவில்லை. மெதுவாகத்தான் எடுத்தாள். தூங்கிவிட்ட குழந்தையை இன்னொருத்தி மடியிலிருந்து எடுப்பதுபோல. எடுக்கும்போது இவள் முகத்தைப் பார்க்காமலிருந்தாள்.

“நீ போயிட்டா இந்த வீட்ல எனக்கு யாரு இருக்கா, சொல்லு?”

இவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அந்துருண்டை வாடை வாய்க்குள் வந்தது.

இருட்டு. விரிப்பு. அடியில் மெத்தை. மடி வெறுமையாக இருந்தது. இடது கை விரல்கள் மூன்றும் இல்லாத கம்பியை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தன. விரிக்கப் பார்த்தாள். விரியவில்லை. மூத்தவளின் கட்டில். மூத்தவளின் அலமாரி. எழுந்தாள். கட்டில் முனகவில்லை. விரிப்பில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

கதவு பூட்டியிருந்தது. தட்டினாள். சத்தம் வரவில்லை. இரண்டு கையாலும் அறைந்தாள். அவள் காதுக்கே கேட்கவில்லை. சாவித் துவாரத்தில் வெளிச்சம். குனிந்தாள்.

கூடம் தெரிந்தது. நீல உடையில் தங்கை. தொலைபேசியைக் காதில் வைத்திருந்தாள்.

“சொல்லுங்க. ஆமா, நான்தான் பேசறேன். கண்ணுக்கு இப்ப ஒண்ணுமில்ல. நல்லாத் தெரியுது.”

அது தங்கையின் குரல் இல்லை. இவளுடைய குரல்.

தங்கையின் நாற்காலியில் வேறு யாரோ இருந்தாள். முதுகு தெரிந்தது. ஈரக் கூந்தல். நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. தங்கையின் செருப்பில் ஒரு கால் மெதுவாக ஆடியது. சுண்டுவிரல் மடங்கியிருந்தது.

அக்கா, என்றாள் இவள். அக்கா. வளர்த்தவள். ஒரு தட்டில் ஊட்டியவள். இவளை விட்டுக்கொடுக்கவே மாட்டாதவள். திரும்பினால் போதும். பார்த்தால் போதும்.

திரும்பினாள். தங்கையின் மெல்லிய கண்ணாடி அவள் முகத்தில். நேராகச் சாவித் துவாரத்தைப் பார்த்தாள். நன்றாகத் தெரிந்தது அவளுக்கு. அது பார்வையிலேயே தெரிந்தது.

“கேட்டுட்டு இருக்கா,” என்றாள் மூத்தவள். “முடிச்சிடு.”

தங்கை தொலைபேசியை வைத்தாள். கிதாரை எடுத்தாள். நாலு ஃப்ரெட் மேலே, அதே இடம், அதே பிடி. ஒரு மீட்டு. பிறகு விரல்கள் மாறின. இவளுக்குச் சொல்லித்தராத கார்டு. இனிமையாக இருந்தது. ஜன்னல் கண்ணாடியிலும் தண்ணீர்ப் பாத்திரத்திலும் நாள்கணக்காக ஒண்டிக்கொண்டிருந்த ஒலியெல்லாம் ஒன்றாக இறங்கிப் போய் உட்கார்ந்தது. கட்டடமே மூச்சு விட்டது. கீழ்வீட்டில் யாரோ, அப்பாடா, இன்றைக்காவது முடித்தார்களே என்றார்கள்.

மூத்தவள் எழுந்து நடையில் வந்தாள். ஒரு கண் சாவித் துவாரத்துக்கு வந்தது. அந்தப்பக்கம் அவள். இந்தப்பக்கம் இவள். நடுவே இரண்டு லென்ஸ்.

அந்தப்பக்கத்து லென்ஸில் மூச்சு படிந்தது. மங்கியது. தெளிந்தது. மறுபடி மங்கியது.

இவள் தன் கண்ணாடியைக் கழற்றி, வாயை அகலத் திறந்து, அதன்மேல் ஊதினாள். மறுபடி ஊதினாள். ஊதிக்கொண்டே இருந்தாள்.

தடித்த லென்ஸ் தெளிவாகவே இருந்தது.